63 வயதில் கிராஸ் ஸ்டிச்: முதலில் வெளிச்சம், அப்புறம் ஊசி

கேள்வி கேட்டவருக்கு 63 வயது. பள்ளித் தையல் வகுப்பில் ஒரு கைக்குட்டையில் ரோஜாப்பூ போட்டதோடு சரி, அதற்குப் பிறகு ஊசியை எடுத்தது பொத்தான் தைக்க மட்டும்தான். பணி ஓய்வு பெற்றாயிற்று, வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. காலையில் விரல்கள் கொஞ்சம் விறைத்துக்கொள்கின்றன. இந்த வயதில் எம்ப்ராய்டரியும், கட்டம் கட்டமாகப் பெருக்கல் குறி போலத் தைக்கிற கிராஸ் ஸ்டிச்சும் பழக முடியுமா, எதில் தொடங்குவது, என்னென்ன வாங்குவது என்று கேட்கிறார்.

தாராளமாக முடியும். முப்பது வருடமாகத் தைக்கிறேன். அதில் பாதிக் காலம் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆசையாக வந்து இரண்டே வாரத்தில் விட்டுவிட்டவர்களை நினைத்துப் பார்த்தால், கை வராமல் நின்றவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்குத் துளை சரியாகத் தெரியவில்லை. கண் வலித்தது, தலை வலித்தது, "நமக்கு இது ஆகாது" என்று எழுந்து போய்விட்டார்கள். அதனால் நூல் கடைக்குப் போகும் முன் கண்ணாடிக் கடைக்குப் போங்கள் என்பதுதான் என் முதல் பதில்.

புரை எடுத்து வைக்கும் சாதாரண லென்ஸ் பெரும்பாலும் தூரப் பார்வைக்கு ஏற்றது, கிட்டத்தில் பார்க்கத் தனியாகக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியை எழுதும்போது மருத்துவர் நீங்கள் செய்தித்தாள் பிடிக்கும் தூரத்தை மனதில் வைத்துத்தான் பவர் பார்ப்பார், கிட்டத்தட்ட 40 செ.மீ. தைக்கும்போது துணி அதைவிடக் கிட்டே வரும். ஆகவே ஒரு துணியையும் ஊசியையும் கையோடு கொண்டுபோய், "நான் இப்படித்தான் பிடிப்பேன், இந்தத் தூரத்துக்குப் பாருங்கள்" என்று காட்டுங்கள். மேலே தூரம், கீழே கிட்டம் என்று ஒரே கண்ணாடியில் இரண்டும் இருப்பதைப் போட்டுக்கொண்டு தைத்தால், கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். தைக்க மட்டும் ஒரு தனிக் கண்ணாடி செய்துகொள்வது நல்ல செலவு. புரை எடுத்த கண் ஆறி, மருத்துவர் கண்ணாடி எழுதிக்கொடுத்த பிறகு தொடங்கினால் போதும். அதுவரை பழைய கண்ணாடியை வைத்துக்கொண்டு கண்ணை வருத்த வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். காலை ஒன்பது மணியிலிருந்து பதினோரு மணி வரை ஜன்னல் ஓரம் மாதிரி ஒரு இடம் வேறு கிடையாது. வலது கைக்காரர் என்றால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் தையல் மேலேயே விழும். மாலையில் தைப்பதாக இருந்தால் கழுத்து வளைகிற மேசை விளக்கு ஒன்று, மஞ்சள் ஒளி தராத வெள்ளை எல்.இ.டி. பல்போடு. மஞ்சள் வெளிச்சத்தில் இளநீலமும் இளம்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும், மறுநாள் காலையில் பார்த்தால் இலை பாதி நீலமாக இருக்கும். இன்னொரு சின்ன விஷயம்: வெள்ளைத் துணியில் தைக்கும்போது மடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். துளை ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும். பூதக்கண்ணாடி வைத்த விளக்கு வாங்கினால், பயன்படுத்தாத நேரத்தில் கண்ணாடியை மூடி வையுங்கள். வெயில் நேராக விழுந்தால் துணி கருகிவிடும்.

சரி, எதில் தொடங்குவது? என் பதில் கிராஸ் ஸ்டிச். வரைந்த கோட்டின் மேல் தைக்கிற எம்ப்ராய்டரியில் கை நடுங்கினால் கோடு நடுங்கும். கிராஸ் ஸ்டிச்சில் துணியே கட்டம் போட்டுத் தந்துவிடுகிறது. ஊசி போக வேண்டிய இடத்தில் துளை இருக்கிறது, அதைத் தேடி இறக்கினால் போதும். எண்ணத் தெரிந்தவர் எல்லோருக்கும் இது வரும். அதிலும் புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஊடு புள்ளி பதினைந்திலிருந்து எட்டு வரை பிசகாமல் வைக்கத் தெரிந்த பெண்ணுக்கு, கட்டம் போட்ட படத்தைப் பார்த்து "இங்கே மூன்று சிவப்பு, ஒன்று விட்டு இரண்டு பச்சை" என்று எண்ணுவது புதிய வித்தையே கிடையாது. என்னிடம் வந்தவர்களில் கோலம் போடுகிறவர்கள் முதல் நாளே படத்தைப் படித்துவிடுவார்கள்.

எண்ணித் தைப்பது நம் பக்கத்திலேயே பெரிய கலையாக இருக்கிறது. நீலகிரியில் தோடர் பெண்கள் பூத்துக்குளி என்கிற தங்கள் போர்வையில் போடும் சிவப்பு, கறுப்பு வேலையில் துணியில் எதையும் வரைவதில்லை, துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃபிரேமும் மாட்டுவதில்லை. நெசவு இழைகளை எண்ணி எண்ணியே போடுகிறார்கள், முடிந்தபின் தறியில் நெய்த கரை மாதிரி இருக்கும். அந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வட கர்நாடகத்தின் கசூதி வேலையிலும் அப்படித்தான், இழை எண்ணும் வேலை. அதில் கிராஸ் ஸ்டிச் போன்ற தையலுக்கு மெந்தெ என்று பெயர். மெந்தெ என்றால் கன்னடத்தில் வெந்தயம். துணியில் வெந்தயம் தூவியது போல இருக்கும் என்று யாரோ ஒரு பாட்டி கண்டுபிடித்து வைத்த பெயராக இருக்க வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

இனி துணி. நம் ஊர்க் கடைகளில் மேட்டி துணி என்று கேட்டால், கட்டம் கட்டமாக நெய்த துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். எய்டா என்பதும் அதே குடும்பம்தான், ஆனால் அதில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்று எண் போட்டிருப்பார்கள்: 11, 14, 16, 18. எண் கூடக்கூடக் கட்டம் பொடியாகும். துணி, நூல், படம் எல்லாம் சேர்த்து விற்கிற கிட்களில் 14 அதிகம் பார்க்கலாம். நீங்கள் 11-இல் தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து 14-க்குப் போகலாம், போகாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. கறுப்பு, கருநீலத் துணி இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

மேட்டி துணியில் ஒரு ஆபத்து உண்டு. மலிவான துணியில் நீளவாட்டில் அங்குலத்துக்கு 11 கட்டமும் அகலவாட்டில் 10 கட்டமும் இருக்கலாம். ஒரு மேசை விரிப்பில் நான்கு மூலைக்கும் வட்டமான பூ போட்டு முடித்து, தள்ளி நின்று பார்த்தேன், நான்கும் முட்டை வடிவம். அன்றிலிருந்து கடையிலேயே அளவுகோலை வைத்து இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்காமல் துணி வெட்டச் சொல்வதில்லை. படத்தின் அளவைக் கணக்கிடுவது சுலபம்: கட்டங்களின் எண்ணிக்கையைத் துணியின் எண்ணால் வகுக்கவேண்டும். 70 கட்ட அகலமுள்ள கிளி 14 எண் துணியில் சரியாக 5 அங்குலம், 11 எண் துணியில் 6 அங்குலத்துக்குச் சற்று மேல். நான்கு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, ஓரம் பிரியாமல் சும்மா ஒரு ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள்.

நூல் ஆங்கர், டி.எம்.சி. என்று எந்தக் கம்பெனியானாலும் சரி. ஒரு கட்டு நூல் 8 மீட்டர் இருக்கும், அந்த நூலில் ஆறு இழை. ஆறையும் சேர்த்துத் தைக்கக்கூடாது, பிரிக்க வேண்டும். 11 எண் துணிக்கு மூன்று இழை, 14-க்கு இரண்டு. நூலை ஒரு முழம் மட்டும் வெட்டுங்கள், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. நூல் தீர்ந்து தீர்ந்து கோக்க வேண்டியிருக்கிறதே என்று இரண்டு முழம் வெட்டினால் முறுக்கி முடிச்சு விழும், துளையில் உரசி உரசிப் பளபளப்பும் போய்விடும். இழை பிரிக்கும்போது ஆறையும் ஒன்றாகப் பிய்க்காமல், ஒரே ஒரு இழையின் நுனியைப் பிடித்து நேராக மேலே உருவுங்கள். மற்ற ஐந்தும் கீழே சுருண்டுகொள்ளும், நீவிவிட்டால் நேராகும். அப்படி ஒவ்வொன்றாக உருவி மூன்றைச் சேர்த்துக்கொண்டால் தையல் மெத்தென்று நிறைவாக வரும். லேபிளில் உள்ள நிற எண்ணைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். அட்டையில் நூலைச் சுற்றி எண்ணை எழுதி வையுங்கள். பாதியில் நூல் தீர்ந்தால் கண்ணால் பார்த்து அதே சிவப்பு வாங்கிவிடலாம் என்று நினைப்பது நடக்காத காரியம்.

ஊசி, முனை மழுங்கிய டேபஸ்ட்ரி ஊசி, 24-ஆம் எண். காது நீளமாக இருப்பதால் கோக்க எளிது, முனை கூர்மையாக இல்லாததால் விரலைக் குத்தாது. இழையைப் பிளந்துகொண்டும் போகாது. கோப்பதற்கு மெல்லிய கம்பி வைத்த ஊசி கோப்பான் எல்லா நூல் கடையிலும் உண்டு. அதை வாங்குவதில் சங்கடம் வேண்டாம், நல்ல கண் உள்ளவர்களும் வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் கோவில் வாசலில் பூக்கட்டி விற்ற ஒரு அம்மா 68 வயதில் பழக வந்தார். ஊசி பிடித்த அனுபவம் அவருக்கு அறவே இல்லை. முதல் வரிசை பத்துத் தையல் முடித்ததும் நான் துணியை வாங்கித் தடவிப் பார்த்தேன். ஒரு இடம் இறுக்கம், ஒரு இடம் தளர்ச்சி என்று இல்லாமல் எல்லாம் ஒரே சீர். காம்பு அறுந்துவிடாமலும் பூ நழுவிவிடாமலும் நாரை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று ஐம்பது வருடமாக விரலுக்குத் தெரிந்திருந்தது, அது நூலுக்கும் வந்துவிட்டது. உங்கள் கைக்கும் இப்படி ஏதாவது ஒன்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். முறுக்கு சுற்றியதோ, கூடை பின்னியதோ, ஏதோ ஒன்று.

முதல் தையலை இப்படிப் போடுங்கள். துணியை நான்காக மடித்து நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். படத்தின் நடுவும் அந்தப் புள்ளியும் ஒன்று. முடிச்சுப் போடாதீர்கள், பின்பக்கம் மேடு தட்டும். கட்டத்தின் கீழ் இடது துளையில் பின்னாலிருந்து ஊசியை ஏற்றி, பின்னால் இரண்டு விரல் அகலம் நூலை மிச்சம் விட்டு அதை விரலால் துணியோடு பிடித்துக்கொள்ளுங்கள். மேல் வலது துளையில் இறக்குங்கள். அடுத்த கட்டத்திலும் அதேபோல. அந்த மிச்ச நூல் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டே வரவேண்டும். ஐந்து கட்டம் போனதும் அது பூட்டிக்கொள்ளும். வரிசை முடிந்ததும் திரும்பி வாருங்கள், இந்த முறை கீழ் வலதிலிருந்து மேல் இடதுக்கு. இப்போது ஐந்து பெருக்கல் குறி. மேலே படுத்திருக்கும் கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இது ஒன்றைத்தான் நான் விடாமல் வற்புறுத்துவேன். ஒன்று மாறினாலும் வெளிச்சம் வேறு மாதிரிப் பட்டு அந்தக் கட்டம் தனியாகத் தெரியும். நூல் முறுக்கிக்கொண்டால் துணியைக் கவிழ்த்துப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள், தானாகச் சுழன்று முறுக்குப் பிரிந்துவிடும். 14 எண் துணிக்குப் போனபின் இன்னும் அழகான வழி ஒன்று உண்டு: ஒற்றை இழையை இரண்டு முழம் வெட்டி மடித்து, இரண்டு நுனியையும் ஊசியில் கோத்தால் மறுபக்கம் வளையம் வரும். முதல் பாதித் தையல் போட்டுப் பின்னால் இறங்கும்போது அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் பூட்டிக்கொள்ளும், பின்பக்கம் துளி மேடு இருக்காது.

எண்ணிக்கை தவறும். எல்லோருக்கும் தவறும், முப்பது வருடம் கழித்தும் தவறும். தண்ணீரில் கரையும் பேனாவால் பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடங்கினால் ஒரு கட்டத் தவறு பத்துக் கட்டத்துக்குள் தெரிந்துவிடும். அந்தக் கோடுகளை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி எடுத்துவிட வேண்டும். கோடு இருக்கும்போது இஸ்திரி போட்டால் போகாமல் தங்கிவிடலாம். படத்தில் முடித்த கட்டங்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள். கடையில் தரும் படம் பொடியாக இருந்தால் ஜெராக்ஸ் கடையில் இரண்டு மடங்காகப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

விரல் விறைப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலையில் எழுந்ததும் தைக்க உட்கார வேண்டாம். குளித்தபின், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் கையை வைத்தபின் உட்காருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசியில் அலாரம் வைத்து எழுந்து நடங்கள். மேட்டி துணி விறைப்பானது என்பதால் ஃபிரேம் இல்லாமலே கையில் பிடித்துத் தைக்கலாம், இடது கைப் பெருவிரலுக்கு அது பெரிய ஓய்வு. இரவில் பெருவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப் போனால் தையலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், தைலம் தடவிக்கொண்டு தொடர வேண்டாம்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, இதை நான் எல்லா மாணவிகளிடமும் கண்டிப்பாகச் சொல்வேன். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் தரையில் விழுந்த ஊசி குத்தியதே தெரியாது, புண் பழுத்தபிறகுதான் தெரியும். தொடங்கும்போது எத்தனை ஊசி எடுத்தோம், முடிக்கும்போது எத்தனை வைத்தோம் என்று எண்ணுங்கள். ஒரு காந்தத் துண்டை டப்பாவில் போட்டு வையுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தாலும் இதேதான்.

முதல் வேலைக்குப் பெரிய சாமி படக் கிட் வாங்காதீர்கள். 200-க்கு 300 கட்டம் என்றால் 60,000 தையல். புதிதாகப் பழகுகிறவர் ஒரு மணி நேரத்தில் நூறு தையல் போட்டாலே நல்ல வேகம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் முந்நூறு நாள். அப்படி வாங்கிய கிட்கள் எத்தனையோ பீரோக்களில் தூங்குகின்றன. 30-க்கு 30 கட்டத்தில் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு சின்ன விளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க நிரப்பினாலும் 900 தையல், ஒன்பது மணி நேரம், ஒரே வாரத்தில் கையில் முடிந்த பொருள். அதைப் புத்தகத்துக்கு அடையாளமாகவோ தலையணை உறையின் ஓரத்திலோ வையுங்கள்.

அப்புறம் எம்ப்ராய்டரி. கிராஸ் ஸ்டிச்சில் இரண்டு மூன்று சிறு வேலை முடித்தபின் வாருங்கள், ஊசி அதற்குள் விரலுக்குப் பழகியிருக்கும். ஓட்டுத் தையல், பின் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், லேஸி டேஸி, பிரெஞ்சு முடிச்சு, இந்த ஆறும் வந்தால் கைக்குட்டையிலிருந்து சுடிதார் கழுத்து வரை செய்யலாம். கேஸ்மெண்ட் என்கிற கொஞ்சம் தடித்த பருத்தித் துணியோ நன்றாகத் துவைத்த பருத்தி வேட்டியோ எடுத்து, ஆறு அங்குல மர ஃபிரேமில் மாட்டி, கார்பன் தாளால் படத்தை இறக்குங்கள். உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிவிட்டால் துணி வழுக்காது, மடிப்புத் தடமும் விழாது. காம்புத் தையலில் நூல் எப்போதும் ஊசிக்குக் கீழ்ப்பக்கமே இருக்க வேண்டும், ஒருமுறை மேலே போனால் கயிறு முறுக்கியது போன்ற அந்த வரி உடைந்துவிடும். பார்வை ரொம்பவே சிரமம் என்றால் வங்காளத்துக் காந்தா வேலையைப் பாருங்கள். பழைய மெல்லிய பருத்திப் புடவையை அடுக்கி வைத்து ஓட்டுத் தையலிலேயே நிரப்புவது. ஒரு கோடு சற்று வளைந்தாலும் அதற்கும் ஓர் அழகு உண்டு. ஆரி வேலை பழகலாமா என்று பலர் கேட்பார்கள். பெரிய சட்டத்தில் இறுக்கிக் கட்டி, ஒரு கை மேலே ஒரு கை கீழே வைத்து, மணிக்கணக்கில் குனிந்து செய்கிற வேலை அது. முதுகும் கழுத்தும் நன்றாக இருந்தால் பிறகு பார்க்கலாம், முதல் வேலையாக நான் சொல்லமாட்டேன்.

தைக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய், மஞ்சள், இரண்டும் வெள்ளை மேட்டியில் பட்டால் பிடிவாதமாக நிற்கும். இரவில் ஃபிரேமைக் கழற்றிவிடுங்கள், ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் துணியிலேயே விட்டுவைத்த ஊசி துருக்கறை ஏற்றிவிடும், அது எலுமிச்சை போட்டாலும் முழுசாகப் போகாது. முடிந்த வேலையைக் குளிர்ந்த நீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து அலசி, பிழியாமல் துவாலையில் சுருட்டி ஈரம் எடுத்து, தையல் பக்கம் கீழே இருக்கும்படி துவாலை மேல் கவிழ்த்து இஸ்திரி போடுங்கள். லேபிள் இல்லாத சிவப்பு நூலை மட்டும் முதலிலேயே ஈர வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்துக்கொள்ளவேண்டும். சாயம் விட்டால் அந்த நூலைப் பூத்தையலுக்கே எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்த மாதிரித் துணி, அதாவது பலவகைத் தையல்களைப் போட்டுக் காட்டும் துணி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஆண்டு குறித்த மாதிரித் துணிகளில் அதுதான் மிகப் பழையது. அவர் தன் பெயரையும் 1598 என்ற ஆண்டையும் அதில் தைத்து வைத்ததால்தான் இன்றைக்கும் அது யாருடைய கைவேலை என்று நமக்குத் தெரிகிறது. உங்கள் முதல் துண்டு கோணலாக இருந்தாலும் மூலையில் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் போடுங்கள். தமிழ் எழுத்தின் வளைவு சின்னக் கட்டங்களில் சிக்காது. 'அ' எழுத கிராஸ் ஸ்டிச்சில் பதினைந்து கட்ட உயரமாவது எனக்குத் தேவைப்படுகிறது. அதனால் எழுத்தைப் பென்சிலால் லேசாக வரைந்து, கூர்முனை ஊசியில் ஒற்றை இழை கோத்து, பின் தையலில் போடுங்கள். கீழ் வலது மூலையில், ஓரத் தையலுக்கு நான்கு கட்டம் உள்ளே.